அலகைத் தூக்க வேண்டிய இடங்கள்

அதிகாலை மூன்றரை. கூப்பியோவில் மைனஸ் இருபத்திரண்டு.
பனி வழிக்கும் வண்டியின் எஞ்சின் சூடேறும்வரை
கிராபியில் அறை தேடுகிறேன்.
அங்கே இப்போது எட்டரை மணி.
யாரோ பப்பாளியை வகிர்ந்து
விதைகளை விரலால் வழித்துக்கொண்டிருப்பார்கள்.

கடல் தெரியும் பால்கனிக்கு நூற்று நாற்பது யூரோ கூடுதல்.
தோட்டம் தெரிந்தால் போதாதா என்கிறான் ஒஸ்மோ,
பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு தட்டுக்கு
உருளைக்கிழங்கை எண்ணிப் போடுகிறவன்.
பதினோரு மணி நேரம் பறந்துபோய்
கடலுக்கு முதுகு காட்டி உட்காரவா?
இரண்டு வாரமாய் இதே வழக்கு.

ஒற்றைக் கட்டிலா, இரண்டு தனிக் கட்டிலா
என்று கேட்கிறது படிவம்.
பத்தொன்பது குளிர்காலமாக
நான் வீடு திரும்பும்போதுதான் அவன் எழுந்து போகிறான்.
அவன் விட்டுப்போன சூட்டில் நான் படுக்கிறேன்.
கட்டில் ஒன்று, இரவுகள் இரண்டு.
அதற்கு அங்கே கட்டம் இல்லை.

டிசம்பரில் ரப்பர் செருப்பு கேட்டால்
கடைக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு
நிலவறைக்குப் போய்ப் பெட்டியைப் பிரிக்கிறாள்.
நீச்சலுடையின் எலாஸ்டிக் செத்துப்போயிருக்கிறது.
இதுவரை என் விடுப்பெல்லாம் ஜூலையில்தான்.
உப்பு விற்கப் போனால் மழை என்பார்களே,
அந்த ஜாதகம்.

பனிக்காலத்தில் பனிக்காரிக்கு லீவா
என்று பிர்க்கோ கேட்கவில்லை, புருவம் கேட்டது.
பிறகு சொன்னாள்:
லபின்லாக்தியிலிருந்து ஒப்பந்த ஆள் வருவான்.
உன் தெருக்களைப் பற்றி நாலு வரி எழுதி வை.

கொசு மருந்து, பாஸ்போர்ட் நகல், ஐம்பதாம் நம்பர் களிம்பு
எழுதிய தாளையே திருப்பிப்போட்டு எழுதினேன்:

லெப்பா தெரு எட்டாம் எண் எதிரே
சாக்கடை மூடி ஒரு விரல் துருத்தும். அலகைத் தூக்கு.
தேவாலயத் திருப்பத்துத் தபால்பெட்டி
இருமுறை அடிபட்டது. ஒருமுறை என்னால்.
பதினேழில் பனிமேடு போலத் தெரிவது பனிமேடு அல்ல, கார்.
மார்ச் வரை யாரும் எடுக்கமாட்டார்கள்.
ஹுத்துனென் வீட்டு வாசலை மட்டும் அடைத்துவிடாதே,
ஜனவரி ஒன்பதில் அவளுக்குப் பிரசவ நாள்,
எந்த ராத்திரியும் ஆம்புலன்ஸ் வரலாம்.
இருபத்தாறில் சமையலறை விளக்கு எரியும்.
ஜன்னலில் ஒரு கை உயரும்.
முகப்பு விளக்கை ஒருமுறை மினுக்கு.
பெயர் தெரியாது. ஆறு வருஷமாக அவ்வளவுதான் பழக்கம்.
மினுக்காமல் போனால்
அந்த விளக்கு அணைவதில்லை.

நாலு வரி நாலு பக்கமானது.
ஒஸ்மோ படித்துவிட்டுக் கேட்டான்:
இதில் கடற்கரை எங்கே?

எனக்குத் தெரியாது.
படத்தில் மணல் கழுவித் துடைத்ததுபோல் இருக்கிறது.
நாங்கள் எழுவதற்கு முன்பே யாரோ வாரியிருக்க வேண்டும்.
எந்த இடத்தில் மணலுக்கடியில் பாறை என்று
அந்தக் கைக்கும் தெரிந்திருக்கும்.
அதை அங்கே யாரும் பலகையில் எழுதி வைக்கப்போவதில்லை.

கடல் தெரியும் அறை இரண்டே மீதம்,
முன்பணம் முப்பது சதவீதம் என்று ஒளிர்ந்த போன்
குளிரில் அப்படியே அணைந்துபோனது.
வண்டி மட்டும் சூடாகிவிட்டது.
கிளம்பினேன்.
எட்டாம் எண்ணில் அலகு தானாக எழுந்தது,
கையா வண்டியா என்று சொல்லத் தெரியவில்லை.

இருபத்தாறில் கை உயர்ந்தது.
இன்றைக்கு இரண்டு முறை மினுக்கினேன்.
ஒன்று, முன்பணம்.